பிந்தி வந்த வண்டி

நொச்சியோடை ரயில் நிறுத்தத்தை ஒட்டிய ஒரு குடிலில் இசக்கியம்மை என்ற துறவி இருந்தார். அவருக்கு வயது நாற்பது. அவரைக் குருவாக ஏற்ற அருமைநாயகத்துக்கு ஐம்பத்தெட்டு. ரயில்வேயில் பெரிய அதிகாரி.

ஒருநாள் காலையில் அருமைநாயகம் கையில் ஒரு கோப்போடு வந்தார். முகம் வாடியிருந்தது.

“இந்தத் தடத்துப் பயணிகள் வண்டிகளை அரசாங்கமே ஓட்டுறதா, தனியார்கிட்ட விடுறதான்னு முடிவு பண்ணணும் தாயே. குழுவுல ஏழு பேர். மூணு பேர் அரசு பக்கம், மூணு பேர் தனியார் பக்கம். மிச்சம் நான்தான்.”

“உங்க மனசு எந்தப் பக்கம்?”

“தனியார் பக்கம்.”

“ஏன்?”

அவர் கோப்பைக் கீழே வைத்தார்.

“இருபது வருஷம் முந்தி, நெஞ்சுவலின்னு எங்க அம்மாவ ரயில்ல கூட்டிட்டு வந்தேன். ஊருக்கு வெளியில வண்டி நின்னுட்டு. ரெண்டு மணி நேரம். பெட்டி பெட்டியா ஓடினேன். கார்டு டிரைவரைக் காட்டினார். டிரைவர் சிக்னலைக் காட்டினார். நானே ரயில்வேக்காரன், எனக்கே பதில் சொல்ல ஆளில்ல. அம்மா என் மடியிலேயே போயிட்டா. வண்டிக்குச் சொந்தக்காரன்னு ஒருத்தன் இருந்தா பதறியிருப்பான்ல?”

இசக்கியம்மை அவர் கையைப் பற்றிக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

“அப்புறம் ஏன் கையெழுத்துப் போடல?”

“தனியார்னா லாபமில்லாத ஊர்ல வண்டி நிக்காது. நொச்சியோடையும் அதுல ஒண்ணு.”

“டிக்கெட் குடுக்கிற செய்யதம்மாகிட்ட போங்க. இந்த வண்டி யாருதுன்னு கேட்டுட்டு வாங்க.”

செய்யதம்மாள் ரயில்வே ஊழியர் அல்ல. டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கும் ஏஜென்ட். அருமைநாயகம் போனபோது அவளைச் சுற்றிக் கூட்டம். காலை வண்டி இன்னும் வரவில்லை.

“என்னம்மா வண்டி விடுதீங்க!” என்று ஒருவன் சத்தம் போட்டான்.

“கோவப்படாதீங்க தம்பி, கேட்டுச் சொல்லுதேன்” என்றவள், அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். எதிர்வண்டிக்காக நிறுத்தியிருக்கிறார்கள், இன்னும் ஐம்பது நிமிஷம் ஆகும் என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். பரீட்சைக்குப் போகிற பெண்ணை ஒரு பைக்கில் ஏற்றி அனுப்பினாள். கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவருக்காக அங்கே போனில் பேசினாள்: “அவரு கொஞ்சம் பிந்தி வருவாரு. பாக்காம அனுப்பிராதீங்கம்மா.” பிறகு அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

அருமைநாயகம் அருகில் போய்க் கேட்டார். “ஏம்மா, இந்த வண்டி யாருது?”

அவள் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாது சார். பிந்தி வந்தா என்னுது.”

வண்டி வந்து, எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகும்வரை அவர் அங்கேயே நின்றார். குடிலுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னார்.

“அந்த வண்டியில ஒரு திருகாணிகூட அவங்களுக்குச் சொந்தமில்ல தாயே.”

“உங்க அம்மா போன அன்னைக்கு, அவங்கள மாதிரி ஒரு ஆள் இருந்திருந்தா?”

அருமைநாயகம் தண்டவாளத்தைப் பார்த்தார்.

“அப்பவும் அம்மா போயிருப்பா, தாயே. ஆனா நான் இருபது வருஷமா பெட்டி பெட்டியா ஓடிக்கிட்டு இருக்க மாட்டேன்.”

இசக்கியம்மை கோப்பை அவர் பக்கம் நகர்த்தினார். 

அருமைநாயகம் அதைப் பிரித்தார். “அப்போ என்ன எழுத? அரசா, தனியாரா?”

“யாரு ஓட்டினாலும், பதில் சொல்ல செய்யதம்மா மாதிரி ஒரு ஆள் எங்க நிப்பாங்கன்னு முதல்ல எழுதுங்க” என்றார் இசக்கியம்மை.