கழுவாத லாரி

சங்ககிரியில் மாணிக்கவேல் என்றொரு லாரி முதலாளி இருந்தார். வெள்ளை வேட்டியில் அழுக்குப் படக் கூடாதென்று, கழுவிக் குளிர்ந்த லாரியை மட்டுமே அவர் நெருங்குவார். அவருடைய பழைய லாரி தொப்பூர் ஏற்றத்தில் கொதித்தது. ஏற்காட்டு ஏற்றம் என்பாரும் உண்டு. பழி டிரைவர் செங்கோடன்மேல் விழுந்தது. பட்டறையில் எல்லோர் முன்னாலும் முதலாளி கத்தினார்:

"ரேடியேட்டர் ஃபேனை நானே சுத்திப் பார்த்தேன், இறுக்கமாத்தான் இருக்குது. நீ ஓட்டுற லட்சணம்தான் கோளாறு. ஒரு போல்ட்டும் கழட்டாம வண்டியிலதான் குத்தம்னு காட்டு. இல்லாட்டிச் சாவியை வெச்சுட்டுக் கெளம்பு!"

"காட்டுறனுங்க முதலாளி. காய்ச்சக்காரனைப் பச்சைத் தண்ணியில குளிப்பாட்டிட்டுத் தொட்டுப் பார்த்தா, சூடு தெரியுமுங்களா?"

பட்டறையே சிரித்தது. மறுநாள் சுமையோடு வந்து நின்ற லாரியைக் கழுவவிடாமல், எஞ்சினை அணைத்துவிட்டு முதலாளியை அழைத்து, சாவியை அவர் கையில் கொடுத்தான் செங்கோடன்.

"இப்பத் தட்டுங்க. ஃபேனுக்குள்ள ஒரு கிளட்ச் இருக்குதுங்க; குளுந்தா உள்ள எண்ணெய் கெட்டியாகி, தேஞ்சதுகூட இறுக்கமாத் தெரியும். எஞ்சின் சூட்டுலயும் ஃபேனை இறுக்கிப் பிடிச்சாத்தான் அது நல்ல கிளட்ச்."

முதலாளி பம்பரில் சாய்ந்து விரலால் ஃபேனைத் தட்டினார். தேய்ந்த கிளட்ச் பிடிக்கவேயில்லை. ஃபேன் காற்றாடிபோல் சுற்றியது. வேட்டியெங்கும் சேறு. அவர் சாவியைத் திருப்பி நீட்டினார்.

செங்கோடன் கை நீட்டவில்லை.

"மொதல்ல புதுக் கிளட்ச்சை மாட்டுங்க முதலாளி. அப்புறம் வாங்கிக்கறேன்."