நாச்சாயி காட்டாத படை

"மலையில இருக்கிறவங்க ஒத்துழைக்கவே மாட்டேங்கிறாங்க, மேடம்."

குமரகுரு தோல் டாக்டர். நகரத்தில் இருந்தபடியே வீடியோ அழைப்பில் வைத்தியம் பார்ப்பவன். அவனுக்கு அந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ரெஜினா மேடம்.

"ஒத்துழைக்கிறதுன்னா?"

"டவுன்காரங்க சொன்ன உடனே காட்டுறாங்க. பளிச்சுன்னு தெரியுது. நேத்து நாச்சாயின்னு ஒரு அம்மா, தொடையில படை. புடவையை விலக்குங்கன்னா முடியாதுன்னுட்டாங்க. காட்டலேன்னா மருந்து கிடையாதுன்னு கட் பண்ணிட்டேன்."

மேடம் தன் வீட்டுத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ எங்க உட்கார்ந்திருந்த?"

"என் ரூம்ல. கதவைச் சாத்திட்டு."

"அவங்க?"

அதை அவன் கேட்டதில்லை.

"உனக்கு இடுப்புக்குக் கீழ அரிப்புன்னியே, போயிடுச்சா?"

"இல்ல மேடம். இன்னிக்கு உங்ககிட்ட காட்டலாம்னுதான்..."

"இங்க வேணாம். அந்த அம்மா ஊருக்குப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டு."

அன்றைக்கே போனான்.

வீடு வீடாகப் போனைத் தூக்கிப் பார்த்தான். டவர் ஒரு கோடுகூடக் காட்டவில்லை.

"பஸ் நிக்கிற இடத்துல மட்டும்தாங்க கிடைக்கும்" என்றார்கள்.

அங்கே ஒரு டீக்கடை. பெஞ்ச் நிறைய ஆண்கள். அழைத்தான். மேடத்தின் முகம் திக்கித் திக்கி வந்தது.

"காட்டுப்பா."

"மேடம், இங்க ஆளுங்க இருக்காங்க."

"ஒண்ணும் தெரியல. துணியை விலக்கு."

பெல்ட்டில் கை வைத்தான். கை அங்கேயே நின்றுவிட்டது. பெஞ்சில் பேச்சு அடங்கி, எல்லாக் கண்ணும் அவன் மேல் விழுந்தது.

தலையில் விறகுக்கட்டோடு வந்த ஒரு பெண் அதை இறக்கிவைத்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டணுமா தம்பி?"

தலையை மட்டும் ஆட்டினான்.

தோளில் கிடந்த போர்வையை எடுத்து, இரண்டு கையாலும் விரித்து அவனை மறைத்தாள். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எல்லாரும் அந்தாண்ட திரும்புங்க. நீங்க காட்டுங்க, நான் பாக்கல."

"உனக்கேன் இந்த வேலை, நாச்சாயி?" என்றார் டீக்கடைக்காரர்.

"நேத்து எனக்கு இப்படிப் பிடிக்க ஆளில்ல. டாக்டர் முகம்கூடத் தெரியல, அதட்டுற குரல்தான் கேட்டுச்சு. இவருக்காவது ஆவட்டும்."

போர்வைக்குப் பின்னால் அவன் கூசிக் குறுகி நின்றான்.

"யாருப்பா அது?" என்றார் மேடம், போனில்.

வாய் திறந்தால் போதும், இவளுக்குக் குரல் தெரிந்துவிடும். பேசாமல் அழைப்பைத் துண்டித்துவிடலாம். விரல் சிவப்புப் பொத்தான் மேல் போய், திரும்பி வந்தது.

"என் பேஷண்ட், மேடம்" என்றான்.

போர்வை சட்டென்று தாழ்ந்தது.

பிறகு, முன்னைவிட உயரமாக எழுந்தது.