பாதசாரிகளுக்கு மட்டும்

உச்சிமாகாளிக்குக் கோபம் வந்துவிட்டது என்று சொன்னால் ஊரில் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பெயரே அப்படி. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பிரமநாயகி அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தபோது, இது வழக்கமாக வருகிற கோபம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

பிரமநாயகி அவரைவிட வயதில் நன்றாகவே சின்னவர். ரைஸ் மில் மாடியில் ஞாயிறுதோறும் நாலைந்து பேருக்குத் தியானம் சொல்லிக்கொடுக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மாகாளி அவரை ‘அம்மா’ என்பார். குருவானவரோ சீடரை ‘அண்ணாச்சி’ என்பார். புதிதாக வருகிறவர்களுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருக்கும், பழகினால் சரியாகிவிடும்.

“அம்மா, கோவத்த அடக்க எனக்கு ஒரு வழி சொல்லுங்க,” என்றார் மாகாளி.

“யாரு மேல கோவம்?”

“பாலத்துல ஒரு வாட்ச்மேன் நிக்கான்லா, அவன் மேல.”

“மூச்சக் கவனிச்சுப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அதுவும் கொதிச்சுக்கிட்டுத்தான் வருது.”

விஷயம் இதுதான். ஆற்றுக்கு இந்தக் கரையில் மாகாளியின் ஊர். பாலத்தைக் கடந்து அந்தக் கரையில் வெகுதூரம் போனால் ஒரு நூல் மில். அதன் கேன்டீனில் மதியச் சாப்பாட்டுக்கு அவர்தான் மாஸ்டர். சைக்கிளில் போனால் பாட்டுப் பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படித்தான் இத்தனை நாளும் போனார்.

இப்போது அந்தப் பாலத்தில் ஒரு தூண் விரிசல் விட்டுவிட்டது. கட்டி வெள்ளையடித்த சுண்ணாம்புகூட இன்னும் முழுசாக உதிரவில்லை, அதற்குள் விரிசல். போட வேண்டிய சிமென்ட் எங்கே போனது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இரண்டு முனையிலும் குறுக்குக் கம்பி போட்டுப் பலகை மாட்டிவிட்டார்கள். ‘பாலம் பழுது. தற்காலிகமாகப் பாதசாரிகளுக்கு மட்டும்.’

நடந்து போகலாம். சைக்கிளில் போகக் கூடாது, சைக்கிளை உருட்டிக்கொண்டும் போகக் கூடாது. சைக்கிளை இந்தக் கரையிலேயே நிறுத்திவிட்டு நடையைக் கட்டினால், மில் போய்ச் சேர்வதற்குள் உலை வைக்கிற நேரம் தாண்டிவிடும். மேற்கே அடுத்த பாலத்தைச் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போனாலும் அதே கதைதான். வீட்டு மாட்டைக் கறந்து பால் ஊற்றிவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்பதால் முந்திப் புறப்படவும் வழியில்லை. பலகை மாட்டிய நாளிலிருந்து மாகாளி தினமும் பிந்திப் போகிறார். சாப்பாட்டு மணி அடித்த பிறகும் சோறு வேகாமல் கிடக்க, தொழிலாளிகள் தட்டைத் தட்டுகிறார்கள். கேன்டீன் எடுத்து நடத்துகிறவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார், இந்த வாரமும் இப்படி என்றால் வேறு மாஸ்டரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று.

இந்த வயதில் வேறு எந்த அடுப்படி அவரைக் கூப்பிடப் போகிறது? மாகாளிக்கு ராத்திரி தூக்கம் போய்விட்டது.

“நேத்து அவன் சட்டையப் பிடிச்சிட்டேம்மா,” என்றார். “கை தானா போயிட்டு. ஒரு நாள் இல்லாட்டா ஒரு நாள் அடிச்சிருவேன். அடிச்சா போலீசு, கேசுன்னு ஆயிரும். வேலையும் போவும், மானமும் போவும்.”

“நாளைக்குக் காலைல பாலத்துக்குப் போவீங்களா?”

“போவாம? நாளைக்கு எப்படியும் உருட்டிக்கிட்டுப் போயிரணும்னு இருக்கேன்.”

“அப்போ நானும் வாரேன்.”

“நீங்க எதுக்கும்மா அங்க?”

“உங்க கோவத்த நேர்ல பாக்கணும். பாக்காம எப்படி வழி சொல்ல?”

திங்கட்கிழமை காலை பாலத்து முனையில் நல்ல கூட்டம். மில்லுக்குப் போகிறவர்கள், பால்காரர்கள் என்று சைக்கிளைப் பிடித்தபடி ஒரு படையே நின்றது. கம்பிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து. அதன் வழியாகக் காய்கறிக் கூடை சுமக்கிற பெண்கள் ஒவ்வொருவராகப் பாலத்துக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். சைக்கிள்காரர்கள் அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தச் சந்தின் வாயை அடைத்தாற்போல் நின்றவர் வாட்ச்மேன் தேவசகாயம். பேரன் பேத்தி எடுத்த மனிதர், ஒல்லி. ஏதோ ஒரு செக்யூரிட்டி கம்பெனி கொடுத்த சட்டைக்குள் அவரை மாதிரி இன்னொருவரும் தாராளமாக நுழையலாம். தலையில் நீலத் தொப்பி. மாகாளியைக் கண்டதுமே அவர் முகம் சுருங்கியது.

பிரமநாயகி கைப்பிடிச் சுவரோரமாக ஒதுங்கி நின்றுகொண்டார்.

“வே, இன்னைக்கு நான் உருட்டிக்கிட்டுத்தான் போவேன். வழிய விடும்,” என்றார் மாகாளி.

“அண்ணாச்சி, காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. பலகையப் படிங்க.”

“படிச்சாச்சுவே. பாதசாரின்னா யாரு? பாதத்தால போறவன். என் பாதம் எங்க இருக்கு? தரையிலதான இருக்கு?”

“உங்க பாதம் நல்லாப் போவட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்? சைக்கிளுக்குப் பாதம் இருக்கா?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு மாகாளியின் காதில் விழுந்து நேரே மண்டைக்கு ஏறியது. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

“அந்தா போறா பாரும், தலையில அம்புட்டுப் பெரிய கூடைய வச்சுக்கிட்டு. அது என் சைக்கிளவிட கனம். அந்தக் கனத்துல பாலம் விழாதோ?”

“கூடைக்குச் சக்கரம் இல்ல அண்ணாச்சி. சக்கரம் உள்ளது எதையும் விடப்படாதுன்னு உத்தரவு. நானா சொல்லுதேன்? மேல உள்ளவங்க சொல்லுதாங்க.”

“அப்போ அந்த ஜீப்பு? தெனமும் சலாம் போட்டுத் தொறந்து விடுதீரே, அதுக்குச் சக்கரத்துக்குப் பதிலா குதிரக் கொளம்பா இருக்கு?”

இப்போது கூட்டம் மாகாளியின் பக்கம் சிரித்தது. தேவசகாயம் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“அது இன்ஜினியர் வண்டி. பாலத்தப் பாக்க வருது.”

“பாலத்தப் பாக்க வாரவரு நடந்து வரப்படாதா? நடந்தா காலு தேஞ்சிருமோ? சிமென்டத் தின்னவனுக்கெல்லாம் நாலு சக்கரம். சோறு பொங்கப் போறவனுக்கு ரெண்டு சக்கரம் கெடையாது. எந்த ஊரு நியாயம்வே இது?”

“என்கிட்டக் கேட்டா நான் என்ன செய்வேன்? அவங்கள்ட்டக் கேளுங்க.”

“கேக்கத்தான் போறேன்! வரட்டும் அந்த இன்ஜினியரு. நாக்கப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கேன். உருட்டிக்கிட்டுப் போவலாம்னு ஒரு வார்த்தை சொன்னா அவரு குடி முழுகிருமா? இத்தனை பேரு பொழப்பும் நடக்கும்லா?”

“கேளுங்க அண்ணாச்சி, நாங்க இருக்கோம்,” என்றது ஒரு குரல். “ஆமா, விடாதீங்க,” என்றது இன்னொன்று. மாகாளிக்கு மார்பு விரிந்தது. நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று அவருக்கு உறுதியாகத் தெரிந்தது, அது உண்மையும்கூட. சத்தம் இன்னும் ஏறியது. பாலத்தில் போய்க்கொண்டிருந்த கூடைக்காரப் பெண்கள்கூட நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஜீப் வந்தது.

தேவசகாயம் விறைத்து நின்று சலாம் வைத்துக் கம்பியைத் தூக்கினார். கூட்டம் வழியில் நின்றதால் ஜீப் மெதுவாகி, மாகாளியின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றேவிட்டது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இளவயது இன்ஜினியர். கடுகடுத்த முகமில்லை. அவர் வாட்ச்மேனைப் பார்த்துக் கேட்டார்.

“என்னங்க கூட்டம்? ஏதாவது பிரச்சனையா?”

தேவசகாயம் திரும்பி மாகாளியைப் பார்த்தார். கேட்டுவிடுங்கள் அண்ணாச்சி என்று அந்தக் கண் கெஞ்சியது. தினமும் வசவு வாங்குகிறவருக்கு அதில் விடிவு இருக்கிறதல்லவா? கூட்டமும் மாகாளியைத்தான் பார்த்தது.

மாகாளி முன்னால் வந்தார். வேட்டியின் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். தோளில் கிடந்த துண்டு கக்கத்துக்குப் போனது.

“ஒண்ணுமில்ல சார். சும்மா நிக்கோம்.”

“பரவாயில்ல, சொல்லுங்கய்யா.”

“இல்ல சார். எல்லாம் நல்லா நடக்கு சார். நீங்க போங்க சார்.”

இன்ஜினியர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தலையாட்டினார். கண்ணாடி ஏறியது. விரிசல் விட்ட பாலத்தின்மேல் நான்கு சக்கரமும் சுகமாக உருண்டு போயின. தேவசகாயம் கம்பியை இறக்கினார்.

பிறகு பால்காரர் ஒருவர், குத்திக்காட்ட வேண்டும் என்றுகூட இல்லாமல், சாதாரணமாகத்தான் கேட்டார்.

“என்ன அண்ணாச்சி, கேக்கலியா?”

மாகாளிக்கு உடம்பு முழுக்கத் தீப்பற்றியது. அவர் பால்காரரைப் பார்க்கவில்லை, தேவசகாயத்தின் பக்கம் திரும்பினார்.

“ஏல!”

கூட்டம் திடுக்கிட்டது. ‘வே’ என்பது சமமான ஆளுக்குச் சொல்வது, சண்டையிலும் அதில் ஒரு மரியாதை உண்டு. ‘ஏல’ என்று சின்னப் பையனைத்தான் கூப்பிடுவார்கள்.

“நீ எதுக்குல என்னையப் பாத்த? அவரு ஒன்கிட்டத்தானல கேட்டாரு? ஒன் வாயி எங்கல போச்சு? கம்பியப் பிடிச்சுக்கிட்டு நிக்கியே, நாயே, ஒன்னால எத்தன பேரு வயித்துல மண்ணு!”

கை வீசியது. அடி முகத்தில் விழவில்லை, தொப்பியில் விழுந்தது. நீலத் தொப்பி கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்து ஆற்றுத் தண்ணீரில் விழுந்தது.

தேவசகாயம் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். தொப்பி மெதுவாகச் சுற்றிக்கொண்டே போனது. அது கண்ணுக்கு மறைகிற வரை பார்த்துவிட்டுத் திரும்பினார். தலையில் முடி அதிகம் இல்லை. அந்தப் பெரிய சட்டைக்குள் இன்னும் சிறுத்துவிட்ட மாதிரி இருந்தார்.

“அது கம்பெனித் தொப்பி அண்ணாச்சி,” என்றார். “சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும்.”

அவ்வளவுதான் சொன்னார். திரும்பிப் போய்க் கம்பிக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்றுகொண்டார்.

பிரமநாயகி சுவரோரத்திலிருந்து வந்தார். மாகாளியின் கக்கத்தில் இன்னும் இடுங்கிக் கிடந்த துண்டை ஒரே இழுப்பாக உருவினார். அதைத் தேவசகாயத்திடம் நீட்டினார்.

“வெயிலு ஏறுது. தலைக்குக் கட்டிக்கிடுங்க.”

தேவசகாயம் தயங்கி, மாகாளியை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

பிரமநாயகியின் முகம் சிவந்திருந்தது. மூக்கு நுனி துடித்தது. அவருக்கும் கோபம் வரும் என்று மாகாளிக்கு அன்றுதான் தெரியும். மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறபோது பார்த்த முகம் இல்லை அது.

“பாத்தீங்களாம்மா,” என்றார் மாகாளி. “இதுதான். இப்படித்தான் பொத்துக்கிட்டு வருது. பெரிய மனுசன்னு பாக்க மாட்டேங்குது, எதையும் பாக்க மாட்டேங்குது. நான் இப்படியே போனா ஒருநா கொலகாரனாத்தான் நிப்பேன்.”

பிரமநாயகி பாலத்தின் மறுமுனையைப் பார்த்தார்.

அக்கரையில் ஜீப் வளைந்து திரும்புவது தெரிந்தது. தூணைப் பார்த்தாயிற்று போலிருக்கிறது. வந்த வழியே மெதுவாக இந்தப் பக்கம் வரத் தொடங்கியது. சைக்கிள்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை யாரும் மாகாளியைப் பார்க்கவில்லை.

மாகாளி அவசரமாகச் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார்.

“வாங்கம்மா, போயிருவோம். நான் மேக்கால சுத்திப் போயிக்கிடுதேன். பிந்தினா பிந்திட்டுப் போவுது, வேலை போனா போவுது.”

சைக்கிள் நகரவில்லை. பிரமநாயகி பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“விடுங்கம்மா. ஜீப்பு வருது.”

“வரட்டும்.”

“கோவத்த அடக்க வழி கேட்டுத்தான உங்கள்ட்ட வந்தேன்? அதச் சொல்லாம இப்படிப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்படி? சொல்லுங்கம்மா. எப்படி அடக்க?”

“அடக்குறதுக்கு உங்களுக்கு நான் என்னத்த சொல்லித்தர, அண்ணாச்சி?” என்றார் பிரமநாயகி. “அந்தக் கண்ணாடி எறங்குனதும் உங்க கோவம் எம்புட்டு அழகா அடங்கி நின்னுச்சு! வேட்டிய எறக்கிவிட்டு, துண்டக் கக்கத்துல இடுக்கி, ‘சார்’னு கூப்பிட்டுச்சே. இத்தன வருசம் கண்ண மூடி உக்காந்தும் எனக்கு அப்படி அடக்க வரல.”