காது நின்ற இடம்

கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டிக் கட்டியே இன்பராஜுக்குத் தலை நரைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒலிப்பதிவு கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வந்தது. திருச்சி பொன்மலையில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்த பர்வீனிடம் போய்ச் சேர்ந்தார். பர்வீன் அவரைவிட இளையவர். இன்பராஜ் 'மேடம்' என்பார்; பர்வீன் 'அண்ணே' என்பார்.

அன்று கிதார் கலைஞர் லெஸ்லி வந்திருந்தார். இடது மணிக்கட்டு நரம்பில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். விரல்கள் பழையபடி மடங்குமா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. தானே கட்டிய மெட்டு ஒன்றை அதற்குள் பதிந்துவிட வந்தவர், அந்தக் கையை மடியில் போட்டுப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு மைக் நீங்க வைங்க," என்றார் பர்வீன்.

"இன்னிக்கா மேடம்?" என்றார் இன்பராஜ். "வேற யாராவது வரும்போது..."

"இன்னிக்குத்தான்."

கிதாரின் ஒலியைப் பெருக்கித் தரும் ஆம்ப் பெட்டியின் முன்னால் இன்பராஜ் மண்டியிட்டார். ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு நேராக ஒரு மைக்கை வைத்தார். லெஸ்லி வாசித்தார். ஹெட்போனில் ஒலி ஊசியாகக் குத்தியது. ஓரத்துக்கு நகர்த்தினார். போர்வைக்குள்ளிருந்து யாரோ பேசுவது போல இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அறையின் நடுவில் இன்னொரு மைக் வைத்தார். மனசு கேட்காமல் ஆம்ப்புக்குப் பின்னாலும் ஒன்று வைத்தார். எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டபோது ஒலி சோனியாகிவிட்டது. ஒரு மைக்கில் விழுந்ததை இன்னொன்று தின்றுகொண்டிருந்தது.

"சார், இன்னும் ஒரே ஒரு தடவை."

லெஸ்லி வாசித்தார். பாதியில் சுண்டுவிரல் கம்பியிலிருந்து வழுக்கியது.

"மரத்துப்போகுது," என்றார். "ரொம்ப நேரம் தாங்காது."

இன்பராஜ் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், பர்வீன் இருந்த பதிவறைக்கு ஓடிவந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மேடம், நீங்களே வெச்சிடுங்க. என்னால இந்த மனுஷனோட பாட்டு போயிடக் கூடாது. எங்க வெச்சா தப்பு வராதுன்னாவது சொல்லுங்க."

பர்வீன் பதிவை ஓடவிட்டு உள்ளே போனார். மைக்குகளை அகற்றி, ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். ஆம்ப்பின் சத்தத்தைக் குறைத்தார்.

"சார், கை ஆறினதும் வாசிங்க. இந்த அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டுற மாதிரி. அண்ணே, நீங்க காதை வெச்சுக் கேளுங்க."

"மைக் இல்லாமலா? அவர் கை..."

"கேளுங்க."

லெஸ்லி தொடங்கினார். இன்பராஜ் காதை ஸ்பீக்கருக்குக் கிட்டே கொண்டுபோனார். முதலில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதுதான் கேட்டது. லெஸ்லியின் கையில் இருக்கிற கொஞ்சநஞ்சத் தெம்பும் வீணாகப் போகிறதே என்று பதறினார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். கொஞ்சம் பின்வாங்கினார். கீழே குனிந்தார்.

மெட்டு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து புறப்பட்டது. கம்பியின் மேல் விரல் உரசுவது கேட்டது. சுண்டுவிரல் விழ வேண்டிய இடத்தில் லெஸ்லி வேறொரு விரலை வைத்துச் சமாளிப்பதும், அதனால் அந்தச் சுரம் கொஞ்சம் தாமதமாக, தயங்கி வருவதும் கேட்டது. இன்பராஜ் கண்ணை மூடிக்கொண்டார்.

கடைசிச் சுரம் அடங்கியபின் கண்ணைத் திறந்தார். கன்னத்தை ஒட்டி மைக் நின்றுகொண்டிருந்தது. அது எப்போது வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூவரும் பதிவைக் கேட்டார்கள். இரண்டாவது சுற்று முழுதாக இருந்தது. கிதாருக்கு அடியில் லேசாக ஒரு மூச்சுச் சத்தம்.

இன்பராஜுக்கு உயிரே போய்விட்டது. "ஐயோ, என் மூச்சு விழுந்திருக்கு. கெடுத்துட்டேனே."

"அது இருக்கட்டும்," என்றார் லெஸ்லி. "பக்கத்துல ஒருத்தர் உக்காந்து கேக்குற மாதிரி இருக்கு."

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். பிறகு கிதாரைப் பெட்டியில் வைத்து மூடி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

அவர் போனபின்பும் இன்பராஜுக்குப் படபடப்பு அடங்கவில்லை.

"அதுதான் சரியான இடம்னு உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

பர்வீன் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"எனக்கு எங்க தெரிஞ்சுது, அண்ணே? உங்க காது அங்க வந்து நின்னதும் நீங்க மைக்கை மறந்துட்டீங்க."