அங்கமுத்து குடித்த தண்ணீர்

பரந்தாமன் ஐம்பதை நெருங்கும் வயதில் சோதனைச்சாலைக்குப் படிக்க வந்தவர். ஆசிரியை மெகருன்னிசா அவரைவிட இளையவர். வயதுக்காக அவர் இவரை ‘சார்’ என்பார். படிப்புக்காக இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

பழைய பேட்டரி உருக்கும் கொட்டகைகளை ஒட்டி ஒரு தெரு. ஈயப் புகைக்குப் பயந்து எல்லோரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள், அங்கமுத்துவைத் தவிர. அவருடைய சிறுநீரில் ஈயம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க, அதைப் பரந்தாமன்தான் போய் வாங்கிவந்திருந்தார்.

“மேடம், ஈயம் ரொம்பக் குறைச்சல்! மனுஷன் தப்பிச்சிட்டார்.”

மெகருன்னிசா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“கிரியாட்டினின் பார்த்தீங்களா?”

பார்த்தார். உடம்பு அன்றாடம் கழிக்கிற அந்தக் கழிவும் இருக்கவேண்டிய அளவில் கால்வாசிகூட இல்லை.

“இது மூத்திரமா சார்? கிணத்துத் தண்ணி. இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. காலைல எந்திரிச்சதும் முதல்ல போறதை வாங்கிட்டு வாங்க.”

மறுநாள் விடியும்போதே பரந்தாமன் போய் நின்றார். அங்கமுத்து சொம்பை அண்ணாந்து மூச்சுவிடாமல் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குடம் பாதி காலி.

“என்னங்க ஐயா இது, ஒட்டகம் மாதிரி?”

அங்கமுத்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

“காட்டிக் குடுத்துராத தம்பி. ரிப்போர்ட்டு நல்லா வந்தாத்தான் லீவுக்குப் புள்ளயக் கூட்டியாருவேன்னுட்டா எம் மக. பேத்தி யாழினிக்கு நாலு வயசாச்சு. போன்ல பார்த்ததோட சரி. இந்த வீட்டுல என் இருமலத் தவிர வேற சத்தம் கிடையாது, பார்த்துக்க.”

பரந்தாமன் குப்பியை நீட்டாமலே திரும்பிவந்து மெகருன்னிசாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

“மேடம், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. அந்தக் குறைஞ்ச கணக்கையே எழுதிட்டா என்ன? அவருக்கு வயசாயிடுச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?”

மெகருன்னிசா அலமாரியிலிருந்து ஒரு காலிக் குப்பியை எடுத்தார்.

“பேத்தி பேர் என்ன?”

“யாழினி.”

குப்பியின் மேல் அந்தப் பெயரை எழுதினார். வயது நான்கு என்று எழுதினார். பரந்தாமன் கையில் வைத்தார்.

“லீவுக்கு வந்து இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் இதையும் நீங்களே போய் வாங்கிட்டு வந்துருங்க.”

பரந்தாமன் அதை மேசைமேல் வைத்தார்.

“சரி மேடம். நாளைக்கே போய்ச் சரியா வாங்கிட்டு வரேன். உள்ளதையே எழுதறேன். ஆனா, ரிப்போர்ட் தபால்ல வந்து பிரிச்சுப் பார்க்கும்போது அவர் பக்கத்துல யாரு இருப்பா?”

“தபால்ல ஏன் அனுப்பறீங்க?” என்றார் மெகருன்னிசா.