டி டிரைவில் வைத்த பாட்டுகள்

தாமிரபரணிக் கரையோரத்து ஊர் ஒன்றில் தங்கையா சார் என்று ஒருவர் இருந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊர்க் கிறிஸ்தவக் கோயிலின் பாடகர் குழு அவர் கையில் இருந்தது. பாட்டு எழுதுவார், மெட்டுப் போடுவார், அதை நாலு குரலாகப் பிரிப்பார். பெண்களுக்கு மேல் குரல், கீழ்க் குரல். ஆண்களுக்கும் அப்படியே இரண்டு. நாலும் சேர்ந்து எழும்போது கோயிலில் அழுகிற குழந்தைகூட வாயை மூடும். அதில் அவருக்குப் பெருமை உண்டு. இருக்கத்தானே செய்யும்.

பெருமையோடு ஒரு பயமும் ஒட்டிக்கொண்டிருந்தது. பாட்டை யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற பயம். பயிற்சிக்குத் தாள் கொடுப்பார். எல்லாருக்கும் மனப்பாடம் ஆனதும் தாள்களை ஒன்று விடாமல் திரும்ப வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே கிழித்துப் போடுவார்.

“மனசுல ஏறியாச்சுல்லா. இனி பேப்பர் எதுக்கு?” என்பார்.

முப்பது வருஷத்துப் பாட்டுகளும் அவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. வேறெங்கும் இல்லை.

அந்தக் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டது. இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் அப்டேட் வராது, புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று திரையில் தினமும் ஓர் அறிவிப்பு வந்து நின்றது. கடைக்காரரிடம் கேட்டார். பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போங்கள், இரண்டு நாளில் போட்டுத் தருகிறேன் என்றார் கடைக்காரர். இரண்டு நாள் பெட்டி அடுத்தவன் கடையில் கிடப்பதா? தங்கையா சாருக்குச் சோறு இறங்கவில்லை. தானே படித்துத் தானே போடுவது என்று முடிவு கட்டினார்.

இரண்டு தெரு தள்ளி பியூலா டீச்சர் இருந்தார். வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர். தங்கையா சாரின் வயதில் பாதிதான் இருக்கும்.

“டீச்சர், என்னையும் சேத்துக்கிடுங்க” என்று போய் நின்றார்.

“வாங்க சார்” என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார் பியூலா. அன்றிலிருந்து அவர் குரு, இவர் சீடர். வயது இருவருக்குமே குறுக்கே வரவில்லை.

பியூலா அதிகம் பேசமாட்டார். கற்றுக்கொடுக்கும்போது தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். மௌஸைச் சீடர்தான் தொட வேண்டும். புது சிஸ்டத்தைப் பென் டிரைவில் ஏற்றுவது, கம்ப்யூட்டரை அந்தப் பென் டிரைவிலிருந்து எழுப்புவது, திரை கேட்கிற கேள்வியை அவசரப்படாமல் முழுக்கப் படிப்பது என்று ஒவ்வொன்றாக வந்தது. தங்கையா சாரும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்.

“ஒரு எடத்துல, அழிக்கட்டுமான்னு கேட்கும் சார். அங்க நின்னு யோசிக்கணும். அதுக்கு முன்னாடியே உங்க ஃபைல் எல்லாம் வேற எடத்துல ஒரு காப்பி இருக்கணும்.”

“வச்சாச்சு டீச்சர்.”

“எங்க வச்சிருக்கீங்க?”

“பத்திரமா இருக்கு.”

“எங்கன்னு சொன்னா நானும் ஒரு தடவ பாத்துருவேன்.”

தங்கையா சார் சிரித்து மழுப்பினார். டீச்சர் நல்லவர்தான். ஆனால் டீச்சரின் தம்பி பாளையங்கோட்டையில் ஏதோ ஒரு குழுவில் பாடுகிறான். எதற்கு வம்பு?

“அதெல்லாம் பத்திரமா இருக்கு டீச்சர்.”

பியூலா அதற்கு மேல் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை, ஒரு ஜெபம் பண்ணிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். மொழி கேட்டது, சொன்னார். விசைப்பலகை கேட்டது, சொன்னார். முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று கேட்டது. நின்றார். டீச்சர் சொன்னபடி யோசித்தார். சிஸ்டம் இருப்பது சி டிரைவில். பாட்டுகளை அங்கிருந்து எடுத்து டி டிரைவில் போட்டாயிற்று. பிறகென்ன? பழையது போகட்டும், புதியது சுத்தமாக வரட்டும். சரி என்று அழுத்தினார்.

சாப்பாட்டு நேரத்துக்குள் புதுத் திரை பளிச்சென்று வந்துவிட்டது. யார் உதவியும் இல்லாமல் சாதித்துவிட்டோம் என்று கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பாட்டுகளைத் திறக்கலாமென்று டி டிரைவைத் தேடினார். டி டிரைவே இல்லை.

பனியனோடு தெருவில் ஓடினார்.

“டீச்சர், டி-யைக் காணல.”

பியூலா அவர் முகத்தைப் பார்த்தார். “காப்பிய டி-லயா வச்சிருந்தீங்க?”

“ஆமா. வேற எடத்துல வைக்கச் சொன்னீங்கல்லா?”

பியூலா எழுந்துபோய்ச் சுவரோரம் இருந்த பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் இருந்த சேலை ஒன்றை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். கதவைச் சாத்தினார்.

“இந்த பீரோவை அப்படியே தூக்கி ஆத்துல போட்டா, அந்தச் சேலை என்ன ஆகும் சார்?”

தங்கையா சார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பியூலா அவரோடு கூடவே வீட்டுக்கு வந்தார். அழிந்ததை மீட்கிற மென்பொருளை ஓட்டிப் பார்த்தார். பாட்டுகளின் பெயர்கள் மட்டும் வரிசையாக எழுந்து வந்தன. ஆசையோடு திறந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. ஒவ்வொரு பெயரையும் அவர் திறக்கச் சொன்னார், பியூலாவும் சலிக்காமல் திறந்து காட்டினார்.

“மெட்டெல்லாம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும்லா சார்?”

“மெட்டு இருக்கு. நாலு குரலையும் எப்படிப் பின்னுனேன்னு எனக்கே தெரியாது. எழுதி வச்சிருக்கோம்ங்கிற தைரியத்துல மறந்துட்டேன்.”

“பேப்பர் ஏதும்?”

“நான்தான் கிழிச்சுட்டேனே.”

தங்கையா சார் கம்ப்யூட்டரை அணைத்தார்.

“இம்புட்டுக் காலமும் காவல் காத்தேன் டீச்சர். கடைசியில என் கையாலயே அழிச்சிட்டு உட்கார்ந்திருக்கேன். இனி நான் என்ன செய்ய?”

“இன்னைக்குச் சாயங்காலம் கொயர் பிராக்டிஸ் உண்டா?”

“உண்டு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக?”

“இதே மூஞ்சிய வச்சிக்கிட்டு வாங்க. நானும் வாரேன்.”

கோயிலை ஒட்டிய அறையில் குழு கூடியிருந்தது. தங்கையா சார் நடந்ததைச் சொன்னார். சொல்லி முடிக்கக்கூட முடியவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பியூலா, தையல் கடை வைத்திருக்கும் ரூபி அக்காவிடம் கேட்டார். கீழ்க் குரல் பாடுகிறவர்களில் ரூபிதான் மூத்தவர்.

“அக்கா, சார் போட்ட பழைய பாட்டுல உங்களுக்கு எது ஞாபகம் இருக்கு?”

“எதுன்னு என்ன கேள்வி? எல்லாந்தான் இருக்கு. சார் பேப்பரைப் பிடுங்கிக்கிடுவாருன்னு பயந்துதானே ஒண்ணொண்ணையும் நெஞ்சுல குத்தி வச்சிருக்கோம்.”

குழு சிரித்தது. தங்கையா சார் தலையைத் தூக்கவில்லை.

“ஒண்ணு பாடுங்களேன்.”

ரூபி அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, பல வருஷத்துக்கு முன்னால் பாடிய ஒரு கிறிஸ்துமஸ் பாட்டின் கீழ்க் குரலை எடுத்தார். அந்தக் குரலைத் தனியாகக் கேட்டால் பாட்டு மாதிரியே இருக்காது. ஓரிடத்தில் சும்மா நிற்கும், கொஞ்சம் ஏறும், மறுபடி நிற்கும். அதுபாட்டுக்கு வெட்கமில்லாமல் தனியாக நடந்து போனது. இரண்டாவது அடியில், பின்வரிசையிலிருந்த லாரி டிரைவர் வேதமணி உட்கார்ந்தபடியே ஆண்களின் கீழ்க் குரலைச் சேர்த்தார். அப்புறம் மற்றவர்களும் அவரவர் இடத்தில் நுழைந்தார்கள். எங்கோ ஓரிடத்தில் தடுமாறி, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, திரும்பவும் பிடித்துவிட்டார்கள்.

தங்கையா சார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“எழுதுங்க சார்” என்றார் பியூலா.

எழுதினார். எப்போது பார்த்தாலும் திருடனைப் பார்க்கிற மாதிரி இவர்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தோமே, இவர்கள்தானே இத்தனையையும் சுமந்து வைத்திருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பாட்டு முடிந்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

“என்ன சார் இது, எங்களப் போய்க் கும்பிட்டுக்கிட்டு” என்று பதறினார் ரூபி அக்கா. “உட்காருங்க. அடுத்தது ஈஸ்டர் பாட்டு.”

பிறகு பல வாரங்கள் அப்படியே போயின. விஷயம் பரவி, கல்யாணமாகி வெளியூர் போன பெண்களும் போன் பண்ணினார்கள். அவரவர் குரலை அவரவர் பாடினார்கள். தூத்துக்குடியிலிருந்து ஒருத்தி அடுப்படியில் நின்றே பாடினாள்.

“நடுவுல குக்கர் விசில் அடிக்கும் சார். அதையும் சேத்து எழுதிராதீங்க.”

மும்பையிலிருந்து பாடியவர் ஒரு பாட்டின் முடிவைத் தப்பாகப் பாடினார். தங்கையா சார் திருத்தப் போனார். அப்புறம் ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தார். தான் போட்டதைவிட நன்றாக இருந்தது. தப்பையே எழுதி வைத்துக்கொண்டார். போனை வைக்கும் முன்னால் ஒவ்வொருவரிடமும், “ரொம்ப நன்றிம்மா, நல்லா இரு” என்றார். மனசார வந்தது அந்த வார்த்தை. முப்பது வருஷத்தில் அதை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை.

எல்லாம் வந்தது. ஒன்றே ஒன்று வரவில்லை. தன் பாட்டுகளிலேயே சிறந்தது என்று அவர் நினைத்திருந்த பாட்டு அது. தகுந்த காலம் வரட்டும் என்று யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். மெட்டையாவது பிடிக்கலாமென்று பல நாள் முயன்றார். இரண்டு அடிக்கு மேல் போகவில்லை.

ஒரு நாள் புது சிஸ்டத்துக்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. அந்தப் பக்கம் வந்த பியூலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். முடியும்வரை கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, திரை தன் பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜையில் இரண்டு பென் டிரைவும், தனியாக வாங்கிய ஒரு டிஸ்க்கும் இருந்தன. மூன்றும் புதிது. இருவரும் டீ குடித்தார்கள்.

“உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்லதுன்னு தெரியல டீச்சர்.”

“நான் என்ன சார் செஞ்சேன்? ஒரு ஃபைலக்கூட என்னால எடுத்துத் தர முடியல. ரூபி அக்காட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். அழுதுட்டேன்.”

“அது போதும்.”

தங்கையா சாரின் போன் அடித்தது. பாட்டு எழுதி எடுத்த பழக்கத்தில் ஸ்பீக்கரில் போட்டார். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார்.

“ஐயா, எங்க கோயில்ல இப்பதான் ஒரு கொயர் ஆரம்பிச்சிருக்கோம். உங்க பாட்டு ஒண்ணு கிடைச்சா பிள்ளைங்க சந்தோஷமாப் பாடும்.”

“பாக்கலாம், பாக்கலாம்” என்று வைத்துவிட்டார். யோசித்துச் சொன்னதில்லை. வாய்க்கு அப்படியே பழகிவிட்டது.

திரை இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியைப் பியூலாவின் பக்கம் திருப்பிப் போட்டார்.

“டீச்சர், அன்னைக்கு நீங்க கேட்டப்ப நான் மறைச்சேன். இன்னைக்கு நானே கேட்கேன். அந்த ஒரு பாட்டு போன மாதிரி இனி ஒண்ணும் போகக் கூடாது. இந்தப் பென் டிரைவா, அந்தப் பென் டிரைவா, இல்ல இந்த டிஸ்க்கா? காப்பிய எங்க வச்சா தொலையாது? நீங்களே சொல்லுங்க.”

பியூலா மூன்றையும் பார்த்தார்.

“மூணுலயும் வைங்க சார்.”

மிச்சமிருந்த டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

“இப்ப ஒருத்தர் போன் பண்ணுனாரே, அவருகிட்டயும் ஒண்ணு வைங்க.”