ஊறுகாய் ஜாடியும் மூன்று தலைமுறைப் பத்திரமும்

உலக யுத்தம் முடிந்ததும் அலவந்தூர் சமஸ்தானத்தில் திடீரென்று வீரம் பொங்கி வழிந்தது. யுத்தத்துக்கு அங்கிருந்து ஒருவரும் போகவில்லை என்பது வேறு விஷயம். போர்க்களம் கண்ட முன்னோர் யாருக்கு உண்டோ அவருக்கு 'வீரவம்ச திலகம்' பட்டம் என்று மகாராஜா அறிவித்துவிட்டார். இந்த மகாராஜாவே, பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்ற பேச்சு வந்த வாரம், "மாரியம்மன் திருவிழாவுக்கு நேரமாச்சு" என்று பட்டணத்துப் பங்களாவைப் பூட்டிக்கொண்டு ஊர் திரும்பியவர்தான். திருவிழாவுக்கு இன்னும் நாலு மாதம் இருந்ததை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஞாபகப்படுத்திவிட்டு அங்கே பிழைக்க முடியுமா?

பட்டம் என்றதும் திவான் வீரபாகு சும்மா இருப்பாரா? பெரிய ஓவியம் ஒன்றைக் கொண்டுவந்து சபையில் மாட்டினார். சிவந்த வானம். மாட்டுவண்டியில் தாவி ஏறும் தலைப்பாகைக்காரர். முகம் பாதிதான் தெரிகிறது. மார்போடு உருண்டையாக எதையோ அணைத்திருக்கிறார். தெருவோரம் ஒரு பெண் இடுப்பில் கைவைத்துச் சிரிக்கிறாள்.

"என் பாட்டனார் யுத்தத்துக்குப் புறப்படுகிறார், மகாராஜா! கையில் பீரங்கிக் குண்டு. அதில் சிவப்பாகத் தெரிவது தீப்பொறி. பாட்டி சிரித்த முகமாக வழியனுப்புகிறாள். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டுச் சொத்து. இதோ பத்திரம்."

பத்திரத்தின் மை வாசனை கடைசி வரிசை வரை வந்தது.

நவராத்திரித் திரைச்சீலை எழுதப் பட்டணத்திலிருந்து வந்திருந்த ஓவியர் குழந்தைவேலு, படத்தைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டார்.

"சாமி, இது நான் பத்திரிகை அட்டைக்குப் போட்டது. அச்சானதும் திருப்பித் தர்றேன்னாங்க. பத்திரிகையே மூடிப்போச்சு. சாமானெல்லாம் பழைய பேப்பர்க் கடைக்குப் போயிடுச்சு. அந்தப் பொம்பள என் சம்சாரம் தாயம்மா. அந்த வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. அவ முகம் எனக்கு வேற எதுலயும் இல்லீங்க."

"திவானிடம் பத்திரம் இருக்கிறது. உன்னிடம்?" என்றார் மகாராஜா.

"ஒண்ணுமில்லீங்க."

"நாளைக்குள் நிரூபி. இல்லையேல் திவான் வம்சத்தை இழிவு செய்ததற்கு ஆறு மாதம் சிறை!"

மறுநாள் சபை வித்துவான் சடகோபர் எழுந்தார். "மகாராஜா, பத்திரம் உண்மை!" குழந்தைவேலு தலையில் கைவைத்துக்கொண்டார். திவானுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது.

"திவான் அவர்களே, வண்டியில் ஏறுவது தங்கள் பாட்டனார்தானே?"

"சத்தியமாக!"

"மேலே இவ்வளவு வானம் வெறுமையாக இருக்கிறதே?"

"பாட்டனார் புகழ் பரவ இடம் வேண்டாமா?"

"அது பத்திரிகைப் பேர் போட விட்ட இடமுங்க" என்றார் குழந்தைவேலு.

சடகோபர் அங்கவஸ்திரத்துக்குள்ளிருந்து எண்ணெய்க் கறை படிந்த பழைய இதழ் ஒன்றை எடுத்தார். "அரண்மனை ஊறுகாய் அலமாரியில் விரித்திருந்தது." அட்டையில் அதே படம். வானத்தில் பத்திரிகையின் பெயர்.

திவான் அசரவில்லை. "எங்கள் படத்தைப் பார்த்துக் காப்பியடித்திருப்பான்!"

"அப்படியே இருக்கட்டும். அப்போது கீழே போட்டிருக்கும் வரியும் தங்கள் பாட்டனாரைப் பற்றியதுதான்." சடகோபர் நிறுத்தி நிதானமாகப் படித்தார்: "'குண்டு விழுமுன்னே ஊறுகாய் ஜாடியோடு ஊரைக் காலிசெய்த பிரமுகர்.' பட்டத்தையும் 'ஊறுகாய்வம்ச திலகம்' என்று மாற்றிவிடலாமா?"

சபை கொல்லென்று சிரித்தது. திவான் முகம் வெளிறிப்போயிற்று.

"இது எங்கள் படமே இல்லை! ஒருநாளும் இருந்ததில்லை!"

"அதைப் பத்திரத்தின் கடைசியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று பேனாவை நீட்டினார் சடகோபர். திவான் போட்டார்.

மகாராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அது சரி, ஓவியரே! நிஜமாகவே இப்படி ஒருவன் ஓடினானா?"

"ஆமா சாமி! எழும்பூர்ல ஒரு பெரிய பங்களா. நானும் தாயம்மாவும் தெருவுல நின்னு பார்த்தோம். ஜாடியில பச்சைக்கிளி கூட வரைஞ்சிருந்துச்சு. யுத்தத்துல மைக்குப் பஞ்சம், அட்டைக்குச் சிவப்பும் கறுப்பும்தான். அதான் கிளியைச் சிவப்பாப் போட்டேன்."

மகாராஜாவின் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஓய் சடகோபரே! இந்தப் படத்துக்கும் அரண்மனைக்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தமில்லை என்று அதிலேயே இன்னொரு வரி சேர்த்து எழுதும்! சீக்கிரம்!"

அன்றே குழந்தைவேலு தாயம்மாவைத் துணியில் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு ரயிலேறினார். சடகோபர் வீட்டுக்கு மகாராஜாவின் வெகுமதி வந்தது: நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு ஜாடி நிறைய. ஜாடியின் வாயை ஏழு சுற்றுக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வயிற்றுப் பக்கத்தில் ஒரு பச்சைக்கிளி.